ஹாலோவீனுக்கு 13 வயசுப் பையன் வீடு வீடாகப் போகக் கூடாதா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாளையம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெருமாள்புரம் பக்கம் ஒரு குடியிருப்பில் இருக்கிறோம், மொத்தம் 64 வீடு. மூன்று வருஷமாக அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைகள் பேய் வேஷம், சூனியக்காரி வேஷம் எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருகிறார்கள். டல்லாஸில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பம் ஆரம்பித்து வைத்தது. முதல் வருஷம் பத்துப் பிள்ளைகள், போன வருஷம் நாற்பதுக்கு மேல். கொடுப்பதெல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதான், கடலை மிட்டாய், தேன் மிட்டாய், ஒரு வீட்டில் கருப்பட்டி மிட்டாய்.

பிரச்சினை என்னவென்றால், போன வருஷம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரிய பையன்கள் நாலு பேர் முகமூடியோடு போய் காலிங் பெல்லை அடித்துவிட்டு மாடிப்படியில் ஒளிந்துகொண்டார்கள். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு ஆச்சி கதவைத் திறந்து பார்த்துப் பயந்துபோய் இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அந்த நாலு பேரில் என் மகன் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதை வைத்து இந்த வருஷம் சங்கத்தில் "12 வயதுக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஏன் 12 என்று கேட்டதற்கு ஒருவர் ஒரு ஃபார்வர்டை அனுப்பினார். அமெரிக்காவிலேயே 12 வயசு தாண்டினவன் மிட்டாய் கேட்டுப் போனால் ஆறு மாசம் ஜெயிலாம், நாம் சும்மா வேண்டாம் என்றுதானே சொல்கிறோம் என்கிறார்.

என் மகனுக்கு ஆகஸ்ட்டில் 13 முடிந்தது. செப்டம்பரிலிருந்து பழைய பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் ஊறவைத்து, பலூன் மேல் ஒட்டி ஒட்டி முகமூடி செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு மட்டும் இல்லை, எங்கள் தளத்துச் சின்னப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் சேர்த்து. மழை பிடித்துக்கொண்டதால் மொட்டை மாடியில் காய வைக்க முடியவில்லை, அடுப்படி அலமாரிக்கு மேல் வரிசையாக இருக்கிறது, குழம்பு கொதிக்கும்போது நிமிர்ந்தால் ஏழு முகம் என்னைப் பார்க்கிறது. தங்கச்சிக்கு ஆறு வயசு, அவளுக்குப் பூனை முகம், மீசைக்கு ஈர்க்குச்சி சீவி வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான், அப்புறம் பேசவே இல்லை. பாதி வர்ணம் அடித்த முகம் அப்படியே கிடக்கிறது.

அந்த அமெரிக்கச் சட்டம் நிஜமா? நம்ம ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் சங்கத்தில் என்ன சொல்லிக் கேட்கலாம்? இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்பவர்களும் சொல்லலாம், கோபப்பட மாட்டேன்.


நாசரேத்_வர்ஜீனியா பதில்:

அக்கா, நான் பிறந்தது நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம். உங்கள் ஃபார்வர்டில் வருகிற சட்டத்தைப் போட்ட ஊர் எனக்குக் காரில் முக்கால் மணி நேரம். அதனால் தெளிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சட்டம் இருந்தது உண்மை. ஆனால் அது அமெரிக்கச் சட்டம் இல்லை, செசபீக் என்கிற ஒரு நகரத்தின் நகராட்சி விதி. 1970இல் கொண்டுவந்தது. 12 வயசுக்கு மேற்பட்டவர் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்டால் 25 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 2018இல் இந்த விஷயம் இணையத்தில் பரவி உலகம் பூராவும் அந்த ஊரைப் பேசினார்கள். 2019 மார்ச்சில் நகர மன்றம் மாற்றியது. இப்போது வயசு 14. சிறை என்கிற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். 14 தாண்டினவர் போனாலோ, ராத்திரி 8 மணிக்கு மேல் யாராவது போனாலோ சின்னக் குற்றம், அபராதம் மட்டும்தான், அந்த வகைக் குற்றத்துக்கு இந்த மாநிலத்தில் உச்சம் 250 டாலர். ஆக அந்தச் சட்டத்தை அப்படியே பெருமாள்புரத்துக்குக் கொண்டுவந்தாலும் உங்கள் மகன் தாராளமாகப் போகலாம் அக்கா, அவனுக்கு 13தான்.

இன்னொன்றையும் உங்கள் சங்கத்தில் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடப் போகிற அம்மா அப்பாவுக்கோ பொறுப்பான வேறு ஒருவருக்கோ இந்தத் தடை இல்லை என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. சட்டம் பேசுபொருளானபோது நகர நிர்வாகமே விளக்கம் கொடுத்தது: தம்பி தங்கையோடு ஒழுங்காகப் போகிற 13 வயசுப் பையனுக்கு ஒரு தொந்தரவும் வராது, அதே பையன் அடுத்த வீட்டு வாசலில் ஹாலோவீன் அலங்காரத்துக்கு வைத்திருக்கிற பூசணிக்காயைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்தால் அப்போது வரும். நான் வாசித்ததில் எனக்கு மனசில் நின்றது இதுதான்.

வேறு ஊர்களிலும் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்கிற ஊர் 2008இல் எட்டாம் வகுப்பு தாண்டினவர்கள் போகக் கூடாது என்று விதி போட்டது. கனடாவில் பாதர்ஸ்ட் என்று ஒரு ஊர், அங்கே 14 என்று இருந்ததை 2017இல் 16 ஆக்கினார்கள், ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் எட்டாக நீட்டினார்கள். பாருங்கள், செசபீக், பாதர்ஸ்ட் இரண்டு ஊரிலும் விதியை மாற்றினபோது வயசைக் கூட்டத்தான் செய்தார்கள். பெரும்பாலான ஊர்களில் வயசுக்கு விதியே கிடையாது. எங்கள் தெருவில் போன வருஷம் ஆறடி உயரத்தில் ஒரு பையன் வந்தான், மீசை அரும்பிவிட்டது, கையில் தலையணை உறை. "ஹேப்பி ஹாலோவீன் மேடம்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். இரண்டு கை நிறையப் போட்டேன். வெளியில் சுற்றி என்னத்தையாவது பழகுவதற்கு மிட்டாய் கேட்டு வருவது மேல் இல்லையா?

பயப்பட வேண்டியது ரோட்டுக்குத்தான் அக்கா. 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் சாயங்காலங்களை எடுத்து, ஒரு வாரம் முன்னும் பின்னும் அதே மணி நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டுச் சாவது அன்றைக்கு 43 சதவீதம் கூட. அதிலும் 4 முதல் 8 வயசுப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து ரொம்ப ஏறுகிறது. அந்த வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்து ரோடு தாண்டிவிட ஒரு 13 வயசு அண்ணன் வேண்டுமா வேண்டாமா? உங்கள் ஊரில் வண்டி உள்ளே வருகிற வளாகமாக இருந்தால் முதலில் இதைப் பேசுங்கள்.


ஓய்வு_வாத்தியார் பதில்:

தாயி, வேண்டாம் என்பவர்களும் சொல்லலாம் என்று கேட்டதால் சொல்கிறேன். 71 வயசு, நான் இருப்பதும் அடுக்குமாடிதான். எனக்குச் சர்க்கரை, வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி. ஒரு சாயங்காலத்தில் முப்பது தடவை பெல் அடித்தால் முப்பது தடவை எழுந்திருக்க வேண்டும். கொடுக்க மனசில்லாமல் இல்லை. ஆனால் கதவைத் திறக்காவிட்டால் "அந்தத் தாத்தா கஞ்சம்" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டு போவது காதில் விழுகிறது, அது வலிக்கிறது. வயசுக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வர வேண்டாம் என்று சொல்கிற வீட்டுக்கு ஒரு வழி வைத்துவிட்டு அப்புறம் கொண்டாடுங்கள். பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் எதற்கு என்றும் ஒரு கேள்வி உண்டு, அது என் தலைமுறைக் கேள்வி என்று விட்டுவிடுகிறேன்.


நாசரேத்_வர்ஜீனியா பதில்:

அய்யா, நீங்கள் சொல்வதற்கு இங்கே நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைத்திருந்தால் அந்த வீட்டைத் தட்டக் கூடாது. மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. உடம்புக்கு முடியாதவர்கள் ஒரு கிண்ணத்தில் மிட்டாயைப் போட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே இருப்பார்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக, நீலப்பச்சை வர்ணம் அடித்த பூசணிக்காயைச் சில வீடுகளில் வாசலில் வைப்பார்கள், அங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரி தின்னாத சாமான் கிடைக்கும் என்று அர்த்தம். நம்ம ஊரில் கடலை மிட்டாய்தான் எல்லா வீட்டிலும் என்பதால் அக்கா, இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.


உடன்குடிக்காரன் பதில்:

தங்கச்சி, வேஷம் போட்டு வீடு வீடாகப் போவதை டல்லாஸ்காரர் சொல்லித்தான் நம்ம சீமை தெரிந்துகொள்ள வேண்டுமா? குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசரா, நம்ம குலசை தசரா, முடிந்து நான் காப்புக் களைந்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை. பத்தொன்பது வருஷமாக முத்தாரம்மனுக்கு வேஷம் போடுகிறேன். முதல் தடவை போட்டபோது எனக்கு ஒன்பது வயசு, அம்மைக் கண்டு பிழைத்ததற்கு எங்கம்மா நேர்ந்துகொண்டது, குரங்கு வேஷம். எங்கள் செட்டில் ஐந்து வயசுப் பிள்ளையும் உண்டு, அறுபது தாண்டின பெரியப்பாவும் உண்டு. யாரும் வயசு கேட்டதில்லை.

ஆனால் வயசு இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. விதி நிறைய. மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும், 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் நேர்ச்சைப்படி. கொடியேறின பிறகுதான் காப்புக் கட்டி வேஷம் போட்டு தர்மம் எடுக்கக் கிளம்புவோம். காளி வேஷம் என்றால் இன்னும் கடுமை. குடிலில் தங்கி, ஒரு நேரம் தானே பொங்கிச் சாப்பிட்டு இருப்பார்கள், கிரீடமும் சடைமுடியும் நெற்றிப்பட்டையும் வீரப்பல்லும் போட்டுக்கொண்டு அந்தக் கனத்தோடு வெயிலில் நடக்க வேண்டும். வாங்குகிற காணிக்கை கோயில் உண்டியலுக்கு, ஒரு ரூபாய் நம் பையில் நிற்கக் கூடாது. எங்கள் குருசாமி ஒன்று சொல்வார், ஒரு வாசலில் ஒரு தரம்தான் கூப்பிட வேண்டும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் "அம்மா நல்லா வைப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகர வேண்டும். கொடுக்காத வீட்டுக்காரரைப் பற்றி வாய் திறந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடையாது. வாத்தியார் அய்யா சொன்ன வலி எனக்குப் புரிகிறது, அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

போலீசும் வருஷா வருஷம் அறிவிப்புப் போடும். உலோகத்தில் செய்த ஆயுதம் கொண்டுவரக் கூடாது, சாதிக் கொடி, சாதி ரிப்பன் கூடாது. அதிலும் பார்த்தால் வயசைப் பற்றி ஒரு வரி இராது. கூட்டத்தில் எதனால் ரத்தம் வரும், எதனால் சண்டை வரும் என்று தெரிந்து அதைத் தடுக்கிறார்கள்.

கும்பிடு வேறு, விளையாட்டு வேறு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் அடுத்தவர் வாசலில் போய் நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் சங்கத்தில் வயசுக்குப் பதிலாக வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்று விதி போடச் சொல்லுங்கள். போன வருஷம் ஓடி ஒளிந்த அந்த நாலு பேருக்கும் என்ன வயசு என்று கேட்டீர்களா? 11ஆக இருந்தாலும் அந்த ஆச்சி பயந்திருக்கத்தானே செய்வார்கள்?

இன்னொன்று. ஏழு பிள்ளைக்கு முகமூடி செய்கிறவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அந்த ஏழு பேரையும் மட்டும் அனுப்பினால், செட்டில் வேஷம் கட்டிவிடுகிறவரை ஊரிலேயே விட்டுவிட்டு நாங்கள் குலசைக்குப் போன மாதிரி இருக்கும். அவனைத் திரும்ப வர்ணத்தைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.


கோர்ட்டுரோடு பதில்:

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன், குறிப்பாகக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் வேஷம் போட்டு மிட்டாய் கேட்க வயது வரம்பு வைத்த சட்டம் எதுவும் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பவருக்கு ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு, சிலர் இதை இழுத்து வந்து பேசுவார்கள். அது பிள்ளையை வைத்துப் பிழைக்கிற கும்பலுக்காக வந்தது, பக்கத்து வீட்டு அத்தை கொடுக்கிற கடலை மிட்டாய்க்கு அதை நீட்டிப் பயமுறுத்த வேண்டாம். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. போலீஸ் உடுப்பு வேஷத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அரசு ஊழியர் உடுப்பை ஏமாற்றும் நோக்கத்தில் போடுவது குற்றம், பிள்ளைகளுக்கு அந்த நோக்கம் இல்லை என்றாலும் வீண் பேச்சு எதற்கு.

சங்கம் பொது இடத்துக்கு நேரம் வைக்கலாம், ஒழுங்கு வைக்கலாம், அதைக் கேட்டு நடப்பதுதான் முறை. ஆனால் தன் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது என்பது அந்த வீட்டுக்காரர் விருப்பம்.

நேரத்துக்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. தீபாவளி வெடிக்கு 2018லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வைத்தார்கள். வெடிக்கிறவனுக்கு என்ன வயசு என்று அதில் இல்லை, 50 வயசுக்காரர் ராத்திரி 11 மணிக்குச் சரவெடி வைத்தாலும் தப்புதான். நீங்கள் 6 முதல் 8 வரை என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் நடந்த தொந்தரவு பத்து மணிக்கு மேல் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.


இருபிள்ளை_அப்பா பதில்:

எனக்கு இருக்கிற பயம் வேறு. யார் கொடுத்தது என்று தெரியாத மிட்டாயைப் பிள்ளை தின்னலாமா? விஷம் கலந்து கொடுத்து அமெரிக்காவில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள் என்று படித்தேன்.


நாசரேத்_வர்ஜீனியா பதில்:

அண்ணாச்சி, எல்லா அம்மாவுக்கும் இருக்கிற பயம்தான். நீங்கள் படித்தது 1974இல் டெக்சாஸில் நடந்ததாக இருக்கும். எட்டு வயசுப் பையன், மிட்டாயில் சயனைடு. கொடுத்தது தெருவில் யாரோ இல்லை, பெற்ற அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. பத்து வருஷம் கழித்து அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். முகம் தெரியாத ஆள் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயில் பிள்ளை செத்ததா என்று ஜோயல் பெஸ்ட் என்கிற சமூகவியல் பேராசிரியர் பல வருஷச் செய்திகளைத் தேடிப் பார்த்தார், உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பையை மேசையில் கொட்டி, பிரிந்திருக்கிற காகிதத்தையெல்லாம் நான் எடுத்துப் போட்டுவிடுவேன். 64 வீடும் தெரிந்த முகமாக இருக்கிற அக்காவின் வளாகத்தில் அந்தப் பயம் இன்னும் குறைவு.


பாளையம்மா பதில்:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக ஒன்று ஒன்றாக வாசித்தேன், சிலதைச் சத்தமாக என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

உடன்குடி அண்ணாச்சி கேட்ட கேள்வி தைத்தது. விசாரித்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு அப்போது 12கூட ஆகவில்லை. சங்கத்து விதிப்படி அவர்களில் ஒருவன் இந்த வருஷமும் போகலாம், என் மகன் போகக் கூடாது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இத்தனை பேச்சு நடந்ததே, அந்த மூன்றாம் மாடி ஆச்சியிடம் யாராவது கேட்டோமா? நேற்று மத்தியானம் கொஞ்சம் புட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆச்சி சொன்னது இதுதான்: "புள்ளைக வரக்கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? வரட்டும். வெளிச்சத்தோட வரட்டும். முகமூடியத் தூக்கி முகத்தக் காட்டிட்டு, யாரு புள்ளன்னு சொல்லிட்டுக் கேக்கட்டும். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எனக்குக் கண்ணு தெரியாது." வாங்கி வைத்த மிட்டாய் போன வருஷம் அப்படியே மிஞ்சிப்போனதாம், பயத்தில் அதற்கு அப்புறம் கதவைத் திறக்கவே இல்லையாம்.

இன்றைக்கு சங்கத்தில் பேசினோம். ஆறு முதல் எட்டு வரை. வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்கு மட்டும், வாத்தியார் அய்யா மாதிரி இருப்பவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. அந்த இரண்டு மணி நேரம் வண்டி எதுவும் உள்ளே வராமல் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவைப்பார். 12 தாண்டினவர்கள் ஆளுக்கு ஐந்தாறு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவர்களுக்கும் மிட்டாய் உண்டு. பெரிய பையன்களுக்கு எதற்கு மிட்டாய் என்று ஒருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வீட்டில் விளக்கை அணைத்து வைப்பதாகச் சொல்லிவிட்டார், அது அவர் இஷ்டம். போன வருஷத்து நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆச்சியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்களின் அம்மாக்களே சொன்னார்கள்.

மகனிடம் ஆச்சி சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி அலமாரியிலிருந்து எல்லா முகமூடியையும் இறக்கி, ஏற்கெனவே ஒட்டியிருந்த எலாஸ்டிக்கைக் கத்தரித்துவிட்டான். பழைய அட்டையில் தலைக்கு ஒரு வளையம் செய்து, நெற்றிக்கு மேல் இரண்டு பக்கமும் துளை போட்டு நூல் கோத்து, ஒரு விரலால் தள்ளினால் முகம் மேலே தூக்கிக்கொள்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறான். பூனை முகம் முதலில் முடிந்தது. தூக்கும்போது ஈர்க்குச்சி மீசை தங்கச்சி கண்ணில் குத்துகிறது என்று இப்போது மீசையைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான், அவள் கொஞ்சமாக வெட்டு, கொஞ்சமாக வெட்டு என்று பக்கத்தில் நிற்கிறாள்.